கார்பன் வீலும் ஆட்டோ மீட்டரும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் சைக்கிளில் மாட்டியிருக்கும் கார்பன் ஃபைபர் வீல் ஜோடிக்கு இதுவரை கிலோமீட்டருக்கு 16 ரூபாய் 19 காசு ஆகியிருக்கிறது. சென்னையில் 2013இல் அரசு அறிவித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு ஆட்டோ கிடைத்ததா என்பது வேறு விஷயம். ஆனால் சொந்தக் காலால் வேர்த்து விறுவிறுத்து மிதித்துப் போவதற்கு மீட்டர் ஆட்டோவை விட அதிகம் கொடுத்திருக்கிறேன் என்று நோட்டில் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நோட்டு என் மனைவியின் ஏற்பாடு. மூன்று வருடங்களுக்கு முன்பு வீட்டுக்கு வாரம் ஒரு கூரியர் பெட்டி வர ஆரம்பித்தது. பெட்டி சின்னதுதான், உள்ளே இருக்கும் சாமானும் சின்னதுதான். விலை மட்டும் பெரிது. "வாங்குறதை வாங்கிக்கோங்க, எங்கயாவது எழுதி வையுங்க, போதும்" என்று சொல்லி, பால் கணக்கு எழுதுகிற நீள நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தாள். பகலெல்லாம் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து ஊரார் செலவுக்கு டிக் அடிக்கிறவன் நான். என் செலவை எழுதச் சொன்னபோது கை ஓடவில்லை. முதலில் பொருள், விலை, தேதி என்று மட்டும் எழுதினேன். அப்புறம் நானாகவே நான்காவது பத்தி ஒன்று போட்டேன்: அதை மாட்டிய பிறகு ஓடிய தூரம். விலையைத் தூரத்தால் வகுத்தால் ஐந்தாவது பத்தி. சைக்கிளுக்குச் சாமான் வாங்க ஆசைப்படுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஐந்தாவது பத்தியைத்தான்.

நான் பந்தயம் ஓட்டுகிறவன் கிடையாது. வயது 46, எடை 84 கிலோ. வாரத்தில் மூன்று நாள் விடிகாலை நாலே முக்காலுக்கு எழுந்து, திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கோவளம் வரை போய்த் திரும்புவேன். சுமார் 50 கிலோமீட்டர். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை பிரெவே என்கிற நெடுந்தூர ஓட்டம் ஓட்டுவேன். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் இடம், இரண்டாம் இடம் என்று எதுவும் அதில் இல்லை. ஆக, வேகத்துக்காகப் பணம் செலவழிக்க எனக்கு நியாயமான காரணம் ஒன்றுகூடக் கிடையாது.

இருந்தும் 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள கார்பன் ரிம் (வீலின் வெளி வளையம்) வைத்த வீல் வாங்கினேன். 68,000 ரூபாய், ஒரு தீபாவளி போனஸ் மொத்தமும். ஏன் வாங்கினாய் என்று யாராவது கேட்டால் காற்றுத் தடை, வாட் (மிதிக்கிற பலத்தின் அளவு) என்று அரை மணி நேரம் பேசுவேன். உண்மையான காரணம் சத்தம். உத்தண்டி பக்கத்தில் ஒரு பையன் என்னைத் தாண்டிப் போனான். அவன் வீல் தார் ரோட்டில் தம்பூரா மீட்டின மாதிரி அடித்தொண்டையில் முனகிக்கொண்டே போனது. என்னுடைய அலுமினிய வீல் சர்ர் என்று சாதாரணமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்துக்கு அந்த முனகல் காதை விட்டுப் போகவில்லை.

வாங்கிய புதிதில் ஆடிட் புத்தி சும்மா இருக்கவில்லை. பழைய வீலில் பத்து நாள், புது வீலில் பத்து நாள், அதே ரோடு, அதே நேரம் என்று ஓட்டிப் பார்த்தேன். சராசரியில் புது வீல் மணிக்கு அரை கிலோமீட்டர் கூடுதல். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு நாளாக எடுத்துப் பார்த்தால், ஒரே வீலிலேயே இரண்டு நாட்களுக்கு நடுவில் மூன்று கிலோமீட்டர் வரை வித்தியாசம் இருந்தது. ஒரு நாள் காற்று எதிரே, ஒரு நாள் முதுகில், ஒரு நாள் அக்கரை சிக்னலில் சிவப்பு. அந்தக் கூட்டத்தில் என் அரை கிலோமீட்டர் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

யோசித்தால் இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. சமதளத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நாம் போடுகிற பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அந்தக் காற்றுத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டுகிறவருடைய உடம்பு. சைக்கிள் மொத்தமும் சேர்ந்தது மிச்சப் பங்கு. அந்த மிச்சத்திலும் ஒரு துண்டுதான் வீல்.

எடைக் கதையும் இப்படித்தான். பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். எடையைக் குறைக்க அவர் சைக்கிளின் செயினில்கூடத் துளை போட்டிருந்தார்கள்; மொத்த எடை ஆறு கிலோவுக்கும் குறைவு. சரியாக ஐம்பது வருடம் கழித்து, 2022 அக்டோபரில், சுவிட்சர்லாந்தின் கிரெஞ்சென் நகரில் இத்தாலிய வீரர் பிலிப்போ கன்னா அதே ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். இப்போதைய சர்வதேச விதிப்படி பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. ஆக, மெர்க்ஸின் சைக்கிளை விடக் கனமான ஒன்றில், மெக்சிகோவின் மெல்லிய மலைக்காற்றும் இல்லாமல், ஏழு கிலோமீட்டருக்கு மேல் அதிகமாகப் போயிருக்கிறார். கைகளை முன்னால் நீட்டி ஒடுங்கிப் படுத்த உடம்பு, தோலோடு ஒட்டிய உடை, காற்றுக்கு ஏற்றபடி இழைத்த சைக்கிள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. சென்னை மாதிரித் தட்டையான ஊரில் எடைக்குப் பணம் கொட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம். நான் என்ன செய்தேன் என்றால், வீலுக்கு 68,000 கொடுத்துவிட்டு, காற்றில் படபடவென்று அடிக்கும் தொளதொள டீ-ஷர்ட்டில் ஆறு மாதம் ஓட்டினேன். உடம்பைப் பிடிக்கிற ஜெர்ஸி 1,400 ரூபாய்தான். அதை முதலில் வாங்கியிருக்க வேண்டும்.

ஆழமான ரிம்முக்குப் பக்கவாட்டுக் காற்று ஆகாது என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். விடிகாலையில் மட்டும் ஓட்டுகிறவனுக்கு அது உறைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மாமல்லபுரத்தில் டிபன், அரட்டை என்று நேரமாகி, முட்டுக்காடு பாலத்துக்கு வரும்போது பதினொன்றரை. கடல் காற்று ஆரம்பித்திருந்தது. பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், காற்றை மறிக்க ஒரு தென்னை மரம்கூடக் கிடையாது. முன் வீல் பாய்மரம் மாதிரிக் காற்றை வாங்கி என்னை ஒரு முழம் இடது ஓரத்துக்குத் தள்ளியது. பின்னால் ஒரு வேன் ஹாரன். பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க, சைக்கிள் இன்னும் அதிகமாக ஆடியது. பிடியைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, உடம்பைத் தாழ்த்திக்கொண்டால் அடங்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். கடலோரத்தில் ஓட்டுகிறவர்கள் முன் வீலையாவது 35 மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பின் வீலைக் காற்று அவ்வளவாகத் திருப்பாது.

வீலுக்கு இவ்வளவு கொடுத்தவன் டயரில் கஞ்சத்தனம் பண்ணினேன். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை. சைக்கிளோடு வந்த தடித்த டயரையே புது வீலிலும் மாட்டி ஓட்டினேன். வாட் வாட் என்று நான் தேடியது உண்மையில் அங்கேதான் இருந்தது. பங்க்சர் ஆகாத முரட்டு டயருக்கும் நல்ல பந்தய ரப்பருக்கும் இடையில், முன்னும் பின்னும் சேர்த்து, முப்பதை ஒட்டிய வேகத்தில் 15 வாட் அளவுக்கு வித்தியாசம் வரலாம். என்னைப் போல 150 வாட்டில் ஊர்ந்துகொண்டிருப்பவனுக்கு அது பத்தில் ஒரு பங்கு.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் ஊருக்கு வரும்போது, "மாமா, ஏதாவது வேணுமா?" என்றான். கான்டினென்டல் ஜிபி5000 டயர், 28 மில்லிமீட்டர், ஒரு ஜோடி என்றேன். கோடாரித் தைலத்துக்கும் மைலோ பாக்கெட்டுக்கும் நடுவில் மடித்து வைத்துக் கொண்டு வந்தான். ஒரு மாதத்துக்கு டயரில் தைல வாசம். விலை 9,800 ரூபாய், 4,900 கிலோமீட்டர் ஓடியது, கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். நோட்டில் நான் மனசாரக் கையெழுத்துப் போடுகிற வரி அது.

டயரின் அகலமும் காற்றும் இன்னொரு கண் திறப்பு. முதல் சைக்கிளில் 23 மில்லிமீட்டர் டயருக்கு 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏற்றுவேன். கல் மாதிரி இருந்தால் வேகமாகப் போகும் என்பது அந்தக் கால நம்பிக்கை. கண்ணாடி மாதிரி வழவழப்பான தரையில் அது ஓரளவு சரி. நம் ஊர் ரோட்டில் ஒவ்வொரு ஒட்டுக்கும் பள்ளத்துக்கும் சைக்கிள் எகிறும். எகிறுகிற ஒவ்வொரு தடவையும் முன்னால் போக வேண்டிய பலம் மேலே போய், நம் உடம்பைக் குலுக்கி வீணாகிறது. இப்போது 28 மில்லிமீட்டர், என் எடைக்குப் பின்னால் 80, முன்னால் 75. அதே ரோட்டை மூன்று மாதம் முன்புதான் புதிதாகப் போட்ட மாதிரி இருக்கிறது. இதற்காக வாங்கிய அளவுமானி வைத்த நிற்கும் பம்பு 2,200 ரூபாய், நல்ல செலவு.

பம்பு என்றதும் ஒரு விஷயம். இந்த சைக்கிள்களில் பிரெஸ்டா வால்வ். நம் தெருமுனைப் பங்க்சர் கடையில் அதற்கு வழி கிடையாது. கல்பாக்கம் தாண்டி, கடப்பாக்கம் பக்கத்தில் ஒரு பிரெவேயில் பங்க்சர் ஆகி, டியூப் மாற்றி, கைப்பம்பால் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோனது. பக்கத்திலேயே டூவீலர் கடை, கம்ப்ரசர் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் வால்வைத் தொட்டுப் பார்த்தார். "சார், இது என்ன ஊசி மாதிரி இருக்கு? சைக்கிள்னா வால்டியூப் இருக்கும், இல்ல பைக் மாதிரி இருக்கும். இதுல காத்து எப்படி சார் ஏறும்?" எனக்கும் அதே கேள்விதான். கூட வந்தவர் பையிலிருந்து சுண்டு விரல் நகத்தளவு பித்தளை அடாப்டர் ஒன்றை எடுத்துத் திருகினார். வால்வ் பைக் வால்வாக மாறியது, கம்ப்ரசரில் அரை நிமிஷம், கிளம்பிவிட்டோம். நாற்பது ரூபாய். இப்போது ஒன்று வால்விலேயே திருகியிருக்கிறது, இன்னொன்று சீட்டுப் பைக்குள். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்தால் காசில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இருப்பது டைட்டேனியம் திருகாணி. பாட்டில் கூண்டைப் பிடிக்கிற நான்கு திருகாணி. வெளிநாட்டுக் கடையில் 1,100 ரூபாய். தபால் செலவுக்கும் சுங்கத்துக்கும் மட்டும் தனியாக 1,450. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். நான் பில்லோடு நிரூபித்தேன். பழைய இரும்புத் திருகாணியையும் இதையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் ஆறு கிராம். கோவளம் டீக்கடையில் எனக்கு ஒரு கிளாஸில் விழுகிற சர்க்கரை அதை விட அதிகம். நீல நிறத்தில் பளபளவென்று இருக்கும், அதை மறுக்க மாட்டேன்.

உடம்பில் படுகிற சாமான்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றைத்தான் நான் எல்லாவற்றுக்கும் கடைசியில் வாங்கினேன். முதல் 200 கிலோமீட்டர் ஓட்டத்தை 900 ரூபாய் ஷார்ட்ஸில் முடித்தேன். மூன்று நாள் ஆபீஸில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். என்ன ஆச்சு சார் என்று கேட்டவர்களிடம் முதுகு வலி என்றேன். தோளில் பட்டையோடு வருகிற பிப் ஷார்ட்ஸ் 7,500 ரூபாய் என்றபோது மயக்கம் வந்தது. இன்றைக்கு 9,000 கிலோமீட்டர் ஓடி, கிலோமீட்டருக்கு 83 காசில் நிற்கிறது. தெரியாதவர்களுக்கு இரண்டு விஷயம்: அதற்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது, மடிப்பும் தையலும் தோலை அறுத்துவிடும். துவைக்கும்போது துணியை மென்மையாக்குகிற திரவம் எதுவும் ஊற்றக் கூடாது, வேர்வையை உறிஞ்சும் பஞ்சு பாழாகிவிடும். உராய்வுக்கு வெளிநாட்டு கிரீம் 1,200 ரூபாய்க்கு ஒரு தடவை வாங்கினேன். 50 கிலோமீட்டருக்குத் தேங்காய் எண்ணெய் போதும். நாள் முழுக்க என்றால் கிரீமே மேல்.

சீட் விஷயத்தில் நான் மெத்தை தேடினேன். தவறு. மெத்து மெத்தென்று இருக்கிற சீட்டில் எலும்பு அமிழ்ந்து போய், நடுவில் இருக்கிற சதை நசுங்கி மரத்துப்போகும். வேண்டியது சரியான அகலம். அதை வீட்டிலேயே அளக்கலாம். கூரியர் பெட்டி அட்டை (அதற்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை) ஒரு துண்டு எடுத்து, கட்டையான ஸ்டூலில் வைத்து, மெல்லிய துணியோடு அதன் மேல் உட்கார்ந்து, கால் விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி, சைக்கிள் ஓட்டுகிற மாதிரி முன்னால் சாய வேண்டும். ஒரு நிமிஷம் கழித்து எழுந்தால் அட்டையில் இரண்டு குழி இருக்கும். பென்சிலால் தடவினால் தெளிவாகத் தெரியும். இரண்டு குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே எனக்கு 128 மில்லிமீட்டர். அதோடு இரண்டு சென்டிமீட்டராவது கூட்டி சீட்டின் அகலத்தைத் தேட வேண்டும். நான் உட்கார்ந்திருந்த சீட்டோ 130. எலும்பு இரண்டும் ஓரத்தில் வழுக்கிக்கொண்டே இருந்ததில் ஆச்சரியமில்லை.

சீட் மாற்றிய கையோடு பைக் ஃபிட் செய்கிறவரிடமும் போனேன். 6,000 ரூபாய், இரண்டரை மணி நேரம். சீட்டை 12 மில்லிமீட்டர் இறக்கினார், ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம்மை 110இலிருந்து 90க்கு மாற்றினார், ஷூவில் பெடலோடு மாட்டுகிற க்ளீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். இதற்கா ஆறாயிரம் என்று திரும்பி வந்தேன். முழங்கால் வலிக்கு அதற்கு முன் நான் வாங்கிய தைலம், பெல்ட், மாத்திரை எல்லாவற்றையும் அந்த மாதமே மேஜை டிராயரில் போட்டேன். 14,000 கிலோமீட்டருக்குக் கணக்குப் பார்த்தால் 43 காசு. புது சைக்கிள் வாங்கப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்பேன்: முதலில் ஃபிட் பாருங்கள், பிறகு சைக்கிள் வாங்குங்கள். யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

ஆடம்பரம் என்று நினைத்து வாங்கி, இப்போது அது இல்லாமல் ஹைவேயில் கால் வைக்க மாட்டேன் என்று ஆகிப்போனது கார்மின் வேரியா ரேடார். சீட்டுக்குக் கீழே சிவப்பு விளக்கோடு சேர்ந்து இருக்கும். பின்னால் 140 மீட்டர் தூரத்தில் வண்டி வரும்போதே ஹேண்டிலில் இருக்கிற சின்னத் திரையில் புள்ளியாகக் காட்டி 'பீப்' என்று சொல்லும். விடியாத ஈசிஆரில் பஸ்ஸும் மீன் வண்டியும் எண்பதில் வரும்போது அந்த ஏழெட்டு வினாடி பெரிய விஷயம். திரும்பிப் பார்க்கிறேன் என்று நடு ரோட்டுக்குப் போகிற பழக்கம் நின்றது. நகரத்துக்குள் வந்ததும் அணைத்துவிடுவேன். இல்லாவிட்டால் கோயில் மணி மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ராங் சைடில் ஹெட்லைட் இல்லாமல் எதிரே வருகிற டூவீலர் அந்தத் திரையில் வராது. அதற்குக் கண்தான்.

பேட்டரி கியர் கதை என் அவமானக் கணக்கில் சேரும். சைக்கிள் பாகங்கள் செய்கிற கம்பெனிகளில் ஷிமானோ 2009இல் மின்சார கியரைக் கொண்டுவந்தது, ஸ்ராம் 2015இல் வயரே இல்லாமல் செய்தது. செகண்ட் ஹேண்டாக நான் வாங்கிய இரண்டாவது சைக்கிளோடு வயர்லெஸ் கியர் ஒன்று வந்தது. பொத்தானைத் தொட்டால் 'ஜிக்' என்று விழும். போனை இரவு தவறாமல் சார்ஜ் போடுகிற நான், கியருக்கும் போட வேண்டும் என்பதை ஒன்றரை மாதம் மறந்திருந்தேன். மாமல்லபுரம் தாண்டியதும் பின் கியர் உயிரை விட்டது, அதுவும் இருப்பதிலேயே கனமான பல்லில். அங்கிருந்து கோவளம் வரை எதிர்க்காற்று, ஒரே கியர். கோவளம் டீக்கடையில் போய் விழுந்தபோது நண்பர் ஒருவர் நிதானமாக வடையைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "முன்னாடி இருக்கிற பேட்டரியைக் கழட்டிப் பின்னாடி போட்டீங்களா? ரெண்டும் ஒண்ணுதானே." இரண்டும் ஒன்றேதான். முன் கியரை நான் நாளைக்கு நாலு தடவை மாற்றினால் அதிகம், அதன் பேட்டரி நிறைந்திருந்தது. இந்த வகை கியர் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செயினுக்கு எண்ணெய்க்குப் பதிலாக மெழுகு போடுவது பற்றிக் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள், ஏனென்றால் என் கெண்டைக்காலில் கறுப்புக் கோடு இல்லை. கடலோரத்தில் எண்ணெய் போட்ட செயின் மணலையும் உப்பையும் வாரிக்கொண்டு அரைக்கும் பசையாகிவிடும். நான் பாரிமுனையில் பாரஃபின் மெழுகு வாங்கி வந்து, வீட்டில் ஓரம்கட்டிய பழைய மின்சார ரைஸ் குக்கரில் உருக்குகிறேன். மனைவி அந்தக் குக்கர் மேல் மார்க்கரில் 'அவருடையது' என்று எழுதி வைத்திருக்கிறாள். புதுச் செயினில் கம்பெனி தடவிய கிரீஸ் முழுவதும் போக வேண்டும், இதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். டர்பன்டைனில் இரண்டு மூன்று முறை, டர்பன்டைன் நிறம் மாறாமல் வரும் வரை ஆட்டி, கடைசியில் ஸ்பிரிட்டில் அலசிக் காயவிட வேண்டும். பிறகு உருகிய மெழுகில் போட்டு, செயினும் சூடாகும் வரை விட்டு ஆட்டி, கம்பியில் தொங்கவிட்டால், ஆறினதும் குச்சி மாதிரி விறைத்து நிற்கும். ஒவ்வொரு கண்ணியாக மடக்கி உடைத்து மாட்டினால் சத்தமே இல்லாமல் ஓடும். 300 கிலோமீட்டருக்கு ஒரு தடவை திரும்பச் செய்ய வேண்டும். மழையில் நனைந்தால் அன்றைக்கே. விட்டால் மறுநாள் செயின் துருப்பிடித்துச் செம்பருத்தி நிறத்தில் சிரிக்கும். கேஸ் அடுப்பில் நேராக வைத்து உருக்காதீர்கள், மெழுகு தீப்பிடிக்கும். டர்பன்டைன் வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைந்த இந்தக் கார்பன் வீலை ஏலகிரியில் பரீட்சை பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீலை விட இது 400 கிராம் குறைவு. நானும் சைக்கிளும் சேர்ந்து 93 கிலோ. மலையேற்றத்தில் எடை குறைகிற விகிதத்தில்தான் நேரமும் குறையும், எனவே ஒரு மணி நேர ஏற்றத்தில் 15 வினாடி மிச்சம். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. திருவள்ளுவர், கம்பர், ஔவையார் என்று புலவர்கள் பெயரும், கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த பாரியின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றேன். மிச்சம் பிடித்த 15 வினாடிக்குப் பதிலாக நாலு நிமிஷம் நின்றிருப்பேன். கூட வந்த பையன் என் வீலையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், நீங்களும் தேரை இங்கேயே விட்டுட்டுப் போயிடலாமே" என்றான். பேச மூச்சு இல்லாததால் பதில் சொல்லவில்லை.

வீலை விற்றுவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். ஒரு தடவை படம்கூட எடுத்தேன். ஆனால் அலாரம் அடிக்கிற நாலே முக்காலில், இன்றைக்கு வேண்டாம் என்று புரண்டு படுக்கிற நாட்களில், அந்த முனகலைக் கேட்கலாம் என்று எழுந்து போயிருக்கிறேன். அப்படிப் போன நாட்களை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. ஆடிட்டில் இதற்கு இடம் கிடையாது.

4,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மீட்டர் கட்டணமான 12 ரூபாய்க்கு இறங்க 5,667 ஆக வேண்டும். நோட்டை எட்டிப் பார்த்த மனைவி, "எந்த ஆட்டோக்காரர் பன்னெண்டு ரூபா வாங்குறாரு? நிஜமா கேக்குற ரேட்டைப் போட்டுப் பாருங்க, இப்பவே லாபம்தான்" என்றாள். அரசு அறிவித்த கட்டணம்தான் கணக்கு என்று சொல்லிவிட்டேன். பாக்கி 1,467 கிலோமீட்டர். வாரத்துக்கு 150 என்றால் பத்து வாரம், நடுவில் மழை வராமல் இருந்தால்.